55 எட்டாத நாரை

கேள்வி: புதுக் கேமராவோடு வந்தது 18–55 மி.மீ. லென்ஸ். குழந்தை, வேடந்தாங்கல் பறவைகள் இரண்டையும் எடுக்க இது போதுமா?

பதில்: குழந்தைக்குத் தாராளமாகப் போதும். ஜன்னலோரம் உட்காரவைத்து, 55-இல் வைத்து, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். பின்னணியில் தூரத்துத் துணிக்கொடி இருந்தாலும் ஓரளவு மங்கிவிடும். இன்னும் மங்க வேண்டுமென்றால் 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கலாம், விலைக்கு அது தங்கம். பிள்ளை ஓடினால் ஷட்டர் 1/500.

வேடந்தாங்கலில்தான் சிக்கல். நத்தைகுத்தி நாரை 55-இல் வெறும் வெள்ளைப் புள்ளி. 70–300 வேண்டும், முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பறக்கும் பறவைக்கு 1/1600, தொடர் ஃபோகஸ். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்காதீர்கள். அதனால் மணல்மணலான படத்தைத் தேற்றலாம், அசங்கிய படத்தைத் தேற்ற முடியாது. சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை, காலையிலேயே போய்விடுங்கள்.