உணர்கருவிப் பழுதை ஆராயும் முறை

எந்திரம் பழுதுற்றவுடன் யாதேனும் ஓர் உறுப்பைக் கழற்றி மாற்றிவிட வேண்டுமென்னும் அவா நம்மில் பலர்க்கு உண்டு. பொருளும் காலமும் வீணாவதற்கு இவ்வவாவே பெரிதும் காரணமாகின்றது. ஆராய்ந்து பழுதறியும் முறை யாதென்பதை ஓர் எடுத்துக்காட்டால் ஈண்டு விளக்குவாம்.

ஜெர்மனி தேசத்துப் போர்ஷே கம்பெனியார் 1982 முதல் 1991 வரை 944 என்னும் ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குச் செய்து வந்தனர். நான்கு சிலிண்டர்களையுடைய அதன் எஞ்சினில் பெட்ரோல் பாய்ச்சுதலையும் தீப்பொறி எழுப்புதலையும் ஒருங்கே நடத்துவது பாஷ் கம்பெனியாரின் மோட்ரானிக் என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டியாகும். எஞ்சின் எவ்வளவு விரைவாய்ச் சுழல்கின்றது, பிஸ்டன் எந்நிலையில் உள்ளது, சூடு எவ்வளவு என்பனவற்றைச் சென்ஸார் என வழங்கும் உணர்கருவிகள் அறிவித்தாலன்றி அப்பெட்டி தன் தொழிலைச் செய்யமாட்டாது.

எஞ்சினின் பின்புறத்தே பிளைவீல் என்னும் சுழற்சக்கரத்தின் அருகில் இத்தகைய கருவிகள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் காந்தத்தின்மேற் சுற்றிய கம்பிச்சுருளேயாம். சக்கரத்தின் பற்கள் கடக்குந்தோறும் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். 1831-இல் பாரடே கண்டறிந்து, நாம் ஆய்வுக்கூடத்திற் பயிலும் மின்தூண்டலே இஃது. ஒரு கருவி பற்களைக் கொண்டு வேகத்தைத் தெரிவிக்கும். மற்றொன்று சுற்றுக்கு ஒருமுறை வரும் குறியை உணர்ந்து கிராங்க்தண்டின் நிலையைத் தெரிவிக்கும். இரண்டனுள் ஒன்றன் செய்தி வாராவிடினும் எஞ்சின் கிளம்பாது.

ஸ்டார்ட்டர் சுழற்றியும் எஞ்சின் கிளம்பவில்லையெனின், உடனே உணர்கருவியைக் கழற்ற விரைதல் தகாது. பல்லாண்டுத் துருவினால் அது தன் தாங்கியில் இறுகியிருக்கும்; வலிந்து இழுப்பின் நல்ல கருவியும் முறிந்துபோம். ஆதலின் பின்வரும் வரிசையைக் கைக்கொள்க.

முதலாவது, மின்சாரம் வரும் வழியை நோக்குக. பாட்டரியும் எர்த் இணைப்புகளும் செவ்வனே உளவா? கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பெட்ரோல் பம்பிற்கும் மின்சாரம் விடும் ரிலேயின் ஈயப்பற்று வெடித்துவிடுதல் இக்காரில் அடிக்கடி காணும் குறை. அதன் அடையாளம் உணர்கருவிப் பழுதை ஒத்திருத்தலின் பலர் மயங்குவர்.

இரண்டாவது, ஸ்டார்ட்டர் சுழலும்போது சுழற்சிமானியின் முள்ளைக் காண்க. அது சற்றே துள்ளின், வேகச் செய்தி பெட்டியை அடைகின்றது எனக் கொள்ளலாம். அசையாதிருப்பின் ஐயம் வலுக்கும். எனினும் அதனைக்கொண்டே முடிவு கட்டலாகாது.

மூன்றாவது, சாவியை அணைத்து, கருவியின் இணைப்பைப் பிரித்து, மீட்டரால் சுருளின் தடையை அளக்க. அஃது ஏறத்தாழ 600 முதல் 1600 ஓம் வரை இருத்தல் வேண்டும். குளிர்ந்தபோது நன்றாயிருந்து சூடேறியபின் அறுபடும் சுருளும் உண்டாதலின், எஞ்சின் சூடாயிருக்கும்போதும் அளத்தல் நலம்.

நான்காவது சோதனையே தலையாயது. அதே தடையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிற் சேரும் முனையில் அளக்க. கருவியிடத்துச் சரியான அளவும் பெட்டியிடத்துத் தவறான அளவும் கிடைப்பின், குற்றம் இடையிலுள்ள கம்பியைச் சார்ந்தது. எஞ்சின் வெப்பத்தால் உறை நொறுங்கிய கம்பியும், களிம்பேறிய முனையும் பழைய கார்களில் மிகுதி. கம்பியை மெல்ல அசைத்துக்கொண்டே அளப்பின், விட்டுவிட்டுத் தோன்றும் பழுதும் வெளிப்படும்.

எஞ்சினின் சூட்டை அறிவிக்கும் கருவிக்கும் இம்முறையே பொருந்தும். அதன் தடை 20 பாகை சென்டிகிரேடில் ஏறத்தாழ 2500 ஓமும், 80 பாகையில் 300 ஓமை ஒட்டியும் இருக்கும். அதன் கம்பி அறுந்துவிடின், எஞ்சின் கடுங்குளிரில் உள்ளதெனக் கருதிப் பெட்டி பெட்ரோலை மிகுதியாகச் சொரியும், கரும்புகை எழும். அதுகண்டு விலையுயர்ந்த பெட்டியையே மாற்றினார்க்கு நட்டமன்றிப் பயனில்லை.

சாட்சி ஒருவன் சொல் நம் செவிக்கு எட்டாவிடின், அவன் ஊமையோ, அன்றி இடையில் தடையுண்டோ என்று ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் முறை. ஆய்வுக்கூடத்திலும் வாழ்க்கையிலும் நாம் இம்முறையைக் கைவிடாது பேணுவோமாக.