சூடாகி அணைந்துபோகும் பழைய லேப்டாப்: கடைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கலாம்

ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஸ்கேன் செய்து தயாராக வைத்தாயிற்று. மூன்றாம் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் 'டப்'னு அணைந்துவிடுகிறது. மறுபடி ஆன் செய்தால் ஐந்து நிமிடம் ஓடுகிறது, திரும்பவும் அதே கதை. அடிப்பக்கத்தைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் வழியாக வாங்கி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் 50 லட்சத்துக்கும் மேல். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கம் பல வீடுகளில் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அக்கா பிளஸ் டூவில் வாங்கியதை வைத்துத் தம்பி டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பது இங்கே சாதாரணம். அந்த லேப்டாப் அணைய ஆரம்பித்ததும் "மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது கெட்டுப்போனதால் அணைவதில்லை, கெட்டுப்போகாமல் இருக்கத்தான் அணைகிறது.

உள்ளே இருக்கும் பிராசசருக்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. மாடலைப் பொறுத்து அது 90 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். அந்த எல்லையை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மவுஸ் இழுத்து இழுத்து நகர்வது அப்போதுதான். அப்படியும் சூடு இறங்காவிட்டால் கரன்ட்டையே துண்டித்துவிடும். ஃபேன் வெளிக்காற்றை இழுத்துத்தான் இந்தச் சூட்டை வெளியேற்றுகிறது. ஏப்ரல், மே மாதத்தில் தகர ஷீட் போட்ட வீட்டுக்குள் காற்றே 40 டிகிரி இருந்தால் அந்த ஃபேன் பாவம், என்ன செய்யும்? டிசம்பரில் ஒழுங்காக ஓடிய லேப்டாப் கோடையில் மட்டும் அணைவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் எல்லா அணைதலும் சூட்டினால் வருவதில்லை. முதலில் அதைப் பிரித்தறிய வேண்டும், அதற்கு ஒரு நோட்டும் செல்போன் கடிகாரமும் போதும். விடியற்காலையில், இரவு முழுக்க ஆறியிருக்கும் லேப்டாப்பை மேசை மீது வைத்து ஆன் செய்யுங்கள். மெத்தை மீதோ மடி மீதோ வேண்டாம், அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். யூடியூபில் ஒரு நீளமான பாடத்தை ஓடவிட்டு, எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அணைந்ததும் உடனே ஆன் செய்து மறுபடி குறியுங்கள். முதலில் 20 நிமிடம், அடுத்து 6, அதற்கடுத்து 2 என்று குறைந்துகொண்டே வந்தால் சூடுதான் காரணம். ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு மறுபடி 20 நிமிடம் ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

கணக்கில்லாமல், ஒரு முறை 3 நிமிடம், அடுத்த முறை 2 மணி நேரம் என்று அணைந்தால் பேட்டரியையும் சார்ஜரையும் பாருங்கள். பழைய மாடல்களில் அடியில் இரண்டு பூட்டுகளைத் தள்ளினால் பேட்டரி தனியாக வந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் குற்றவாளி பேட்டரி. சார்ஜர் பின்னை லேசாக அசைக்கும்போது அணைந்தால் பின் அல்லது சாக்கெட் லூஸ். இதற்கெல்லாம் மதர்போர்டு மாற்றத் தேவையில்லை.

இன்னொரு சோதனை. ஆன் செய்தவுடன் எஃப்2 பொத்தானைத் தட்டினால் (சில மாடல்களில் எஃப்1, எஃப்10 அல்லது டெலிட்) பயாஸ் திரை வரும். எதையும் மாற்றாமல் அதை அப்படியே அரை மணி நேரம் விடுங்கள். அங்கே விண்டோஸ் ஓடுவதில்லை. அந்தத் திரையிலேயே அணைந்தால் கோளாறு சாப்ட்வேரில் இல்லை, உறுப்புகளில்தான்.

விண்டோஸும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, சிஸ்டம் பகுதியில் 'கெர்னல்-பவர்' பெயரில் வரும் வரிகளைப் பாருங்கள். எண் 86 இருந்தால் அதிகச் சூட்டினால் நிறுத்தப்பட்டது என்று பொருள். எண் 41 மட்டும் இருந்தால் முறையாக மூடாமல் நின்றது என்பது மட்டும்தான், காரணம் அதில் தெரியாது. 41-ஐக் காட்டி "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால் கேள்வி கேளுங்கள்.

சூடுதான் என்று முடிவானால் அடுத்து ஃபேன். பக்கவாட்டில் காற்று வெளியேறும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ தாள் துண்டைப் பிடியுங்கள். தாள் படபடவென்று ஆட வேண்டும். ஃபேன் சத்தம் பலமாகக் கேட்டும் தாள் அசையவில்லை என்றால் வழி தூசியால் அடைத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஃபேன் நின்றுவிட்டது. கரகரவென்று கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்தச் சத்தத்தை செல்போனில் பதிவு செய்துகொண்டு போனால் மெக்கானிக்குக் காட்ட உதவும். செல்போன் டார்ச்சை அடித்து அந்த இடுக்கில் பாருங்கள். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம் தெரியும். செம்மண் தூசி, கேழ்வரகு அடிக்கும் களத்துத் தூசி, துணி நூல், தலைமுடி எல்லாம் சேர்ந்து அமுங்கிய அடை அது. பத்து வருடம் ஒருமுறைகூடத் திறக்காத லேப்டாப்பில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சுத்தம் செய்யும் முன் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்று இன்னும் மோசம், வேகமும் அதிகம், தண்ணீரும் சேர்ந்து வரும். கையால் அழுத்தும் ரப்பர் புளோயர் போதும். காற்று அடிக்கும்போது ஃபேன் இதழை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். ஸ்குரூ கழற்றிப் பழக்கம் இருந்தால் அடிமூடியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் அந்த அடையை எடுத்துவிடலாம். பழக்கம் இல்லையென்றால் அந்த வேலையைக் கடைக்கு விட்டுவிடுங்கள்.

தூசி எடுத்த பிறகும் அணைகிறதா? பிராசசருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட் என்று ஒரு பசை இருக்கும். வருடக்கணக்கில் அது காய்ந்து பொடியாகிவிடும், சூடு தகட்டுக்குக் கடக்காது. பழையதைத் துடைத்துவிட்டு அரிசி மணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். நிறைய அப்பினால் நல்லது என்று நினைப்பது தவறு. ஃபேன் மாற்ற வேண்டியிருந்தாலும், புது லேப்டாப் விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சின்னது.

எதையும் திறக்காமல் சும்மா வைத்திருக்கும்போதே ஃபேன் அலறினால் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு 90, 100 சதவீதம் காட்டினால் ஏதோ நிரல் பின்னால் ஓடுகிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாப்ட் பொது ஆதரவை நிறுத்திவிட்டது. குறைந்த ராம் உள்ள பழைய மெஷினுக்கு எடை குறைந்த லினக்ஸ் ஒன்று போட்டால் சூடும் குறையும், வேகமும் கூடும். திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. நம்மில் நிறையப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி உப்பி மூடி தூக்கிக்கொண்டிருந்தால், டச்பேட் மேலே எழும்பி நின்றால், உடனே அணைத்து சார்ஜரைப் பிடுங்குங்கள். அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். அந்தப் பேட்டரி குப்பைத் தொட்டிக்கும் போகக் கூடாது, பழைய இரும்புக் கடைக்கும் போகக் கூடாது. பேட்டரிக் கழிவு விதிகள் 2022-ன்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

கடைக்குக் கொடுக்கும் முன் ஆறிய நிலையில் ஆன் செய்து, சான்றிதழ் ஸ்கேன்களையும் போட்டோக்களையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். அடியில் உள்ள சீரியல் எண்ணைப் போட்டோ எடுங்கள். "ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், குறித்து வைத்த நிமிடக் கணக்கையும் ஃபேன் சத்தத்தையும் காட்டுங்கள். எதை மாற்றினார்கள் என்று எழுதிய பில்லும், மாற்றிய பழைய பாகமும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதுவரை அந்த விண்ணப்பம்? காலை ஆறு மணிக்கு, அடியில் இரண்டு பக்கமும் தீப்பெட்டி வைத்துத் தூக்கி, டேபிள் ஃபேன் எதிரே உட்கார்ந்து நிரப்புங்கள். பக்கத்துக்குப் பக்கம் 'சேவ்' கொடுத்துக்கொண்டே போங்கள்.