பன்முறை தவறிய பரீட்சைக்கு மீண்டும் பயிலுதல்

சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் என வழங்கும் பட்டயக் கணக்காளர் தொழில் நம் நாட்டில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்டது. அத்தொழிலில் நுழைய விரும்புவோர் தொடக்கநிலை, இடைநிலை, இறுதிநிலை என மூன்று படிகளில் பரீட்சை எழுதுதல் வேண்டும். இறுதிநிலையில் தேறுவோரைவிடத் தவறுவோரே பெரும்பாலான பருவங்களில் மிகுதி. இருமுறை, மும்முறை, ஐந்துமுறை தவறியவரும் உளர். இவர்களைக் கல்வியில் பின்தங்கியவர்கள் எனக் கொள்ளுதல் பிழை. இடைநிலையில் தேறி, தணிக்கையாளர் அலுவலகத்தில் பயிற்சி பெற்று, பிறருடைய பேரேடுகளைச் சரிபார்த்துப் பழகியவர்கள் இவர்கள்.

இத்தகையவர் ஓர் ஆசிரியரிடமோ, ஊருக்கு வரும் களப்பணியாளரிடமோ யோசனை கேட்டால், இன்னும் அதிக நேரம் படிக்கவேண்டும் என்ற விடையே வழக்கமாகக் கிடைக்கிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதாயினும் அவ்விடை பெரும்பாலும் பயன் தருவதில்லை. பன்முறை தவறியவரின் குறை படிப்பின் அளவில் இருப்பதைவிடப் படிக்கும் வகையில் இருப்பதே மிகுதி. அவர் அதே பாடநூலை எத்தனைக்கெத்தனை திரும்ப வாசிக்கிறாரோ, அத்தனைக்கத்தனை அக்குறை அவர் கண்ணுக்கு மறைந்துபோகிறது. அதன் காரணத்தைக் காணுமுன் அவருடைய மதிப்பெண் பட்டியலைச் சற்று ஆராய்தல் நலம்.

மதிப்பெண் பட்டியலின் கணக்கு

2024 மே பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்த திட்டப்படி இறுதிநிலையில் ஆறு தாள்கள் உள்ளன. அவை மும்மூன்றாக இரு தொகுதிகளாய்ப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாளுக்கும் 100 மதிப்பெண். ஒரு தொகுதியில் தேற, ஒவ்வொரு தாளிலும் 40க்குக் குறையாமலும், மூன்று தாள்களிலும் சேர்த்து 150க்குக் குறையாமலும் பெறவேண்டும். தொகுதியில் தவறினும், ஏதேனும் ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் பெற்றவர் அடுத்து வரும் மூன்று பரீட்சைகளுக்கு அத்தாளை எழுதுவதினின்றும் விலக்குப் பெறுகிறார். விலக்குப் பெற்ற மதிப்பெண் தொகுதியின் கூட்டுத்தொகையிலும் சேர்க்கப்படுகிறது.

மூவர் ஒரே தொகுதியை எழுதித் தவறியதாகக் கொள்வோம். முதலாமவர் பெற்றவை 44, 47, 46, மொத்தம் 137. இரண்டாமவர் பெற்றவை 66, 57, 33, மொத்தம் 156. மூன்றாமவர் பெற்றவை 41, 61, 43, மொத்தம் 145. மூவருக்கும் முடிவு ஒன்றே. ஆயினும் மூவரின் நிலையும் வெவ்வேறு. இரண்டாமவருக்கு 66 கையிருப்பாக நிற்கிறது. எஞ்சிய இரு தாள்களிலும் சேர்த்து அவர் பெறவேண்டியது 84 மட்டுமே. அவர் மூன்றாம் தாளை 40க்கு மேல் உயர்த்தினால் போதும். நன்கு எழுதிய தாளை மேலும் மெருகிட்டுக்கொண்டிருத்தல் வீண். மூன்றாமவருக்கு 61 கையிருப்பு. மற்ற இரண்டிலும் அவருக்கு 89 தேவை. சென்ற முறை பெற்றது 84. அவருடைய தோல்வியின் முழு அளவு ஐந்து மதிப்பெண்களே! முதலாமவர்தாம் மூன்று தாள்களையும் மீண்டும் எழுதவேண்டியவர். எனினும் எத்தாளிலும் அவர் வீழ்ந்துவிடவில்லை. தாளுக்கு நான்கைந்து மதிப்பெண் குறைந்தது. இவ்வாறு எல்லாத் தாள்களிலும் சமமாகச் சிறிது குறைவது பாட அறிவின்மையைக் காட்டுவதைவிட, நேரப் பங்கீட்டிலோ விடை எழுதும் முறையிலோ உள்ள குறையையே பெரும்பாலும் காட்டும்.

இம்மூவருக்கும் ஒரே கால அட்டவணையைக் கொடுப்பது, மூன்று நோயாளிகளுக்கு ஒரே மருந்தைக் கொடுப்பதை ஒக்கும். பயிற்சி நிலையங்கள் பலவற்றில் நடப்பது இதுவே.

பட்டியல் கூறாததை விடைத்தாள் கூறும். பரீட்சை எழுதியவர் தம் விடைத்தாளைப் பார்வையிட உரிமையுடையவர் என 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டயக் கணக்காளர் கழகமும், முடிவு வெளிவந்தபின் குறித்த காலத்திற்குள் விண்ணப்பிப்பவருக்கு விடைத்தாளின் சான்றிட்ட நகலை அளிக்கிறது. அதனைக் கழகம் வெளியிடும் மாதிரி விடைகளோடு ஒப்பிட்டு, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் எதனால் இழக்கப்பட்டது எனப் பதிய வேண்டும். அறியாமையால் இழந்தது எவ்வளவு? அறிந்திருந்தும் அவ்வேளையில் நினைவுக்கு வராமல் இழந்தது எவ்வளவு? எந்த விதி பொருந்தும் எனத் தவறாகத் தேர்ந்ததால் இழந்தது எவ்வளவு? நேரம் போதாமல் தொடாது விட்டது எவ்வளவு? தோல்வியுற்ற தாளைத் திரும்பப் பார்ப்பது மனத்திற்குக் கசப்பான செயல். ஆகவேதான் பலர் இதனைச் செய்வதில்லை. செய்தவர்களுக்கு முதற்காரணத்தைவிட மற்ற மூன்றும் பெரிதாயிருப்பது வியப்பளிக்கக்கூடும்.

அறிந்ததுபோல் தோன்றுதல்

அறிந்தது ஏன் நினைவுக்கு வருவதில்லை? ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹௌஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதியின் வேகத்தை அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றவற்றுள் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பது அவர் கண்டது. அவர் கண்ட மற்றொன்று நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பரப்பி 38 முறை சொல்லியே அவர் பெற்றார். உழைப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இடைவெளி ஒன்றே அதனைச் செய்தது.

2006இல் அமெரிக்க உளவியல் அறிஞர்களான ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட சோதனை இங்கு மிக முக்கியமானது. கல்லூரி மாணாக்கருள் ஒரு சாரார் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு வேளைகளில் வாசித்தனர். மற்றொரு சாரார் ஒரு வேளை மட்டும் வாசித்துவிட்டு, எஞ்சிய மூன்று வேளைகளில் பகுதியைப் பாராமல் நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் நூற்றுக்கு 83 பங்கும், எழுதியவர்கள் 71 பங்கும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலை தலைகீழாயிற்று: வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. தமக்கு எவ்வளவு நினைவிருக்கும் என முன்னதாகவே கேட்டபோது, அதிக நம்பிக்கை தெரிவித்தவர்கள் வாசித்தவர்களே என்பதும் கவனிக்கத்தக்கது.

பன்முறை தவறியவரின் இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. ஒரு பாடத்தைக் கண்டவுடன் இது முன்பே தெரிந்தது என அடையாளம் காணுதல் ஒன்று. வெற்றுத்தாளின் முன் அமர்ந்து அதனை உள்ளிருந்து வெளிக்கொணர்தல் வேறொன்று. பரீட்சை கேட்பது இரண்டாவதை. நான்காம் முறை படிப்பவருக்குப் பாடநூலின் ஒவ்வொரு பக்கமும் பழகிய முகம்போல் தோன்றும். அடிக்கோடிட்ட வரிகள் அவரை வரவேற்கும். முதன்முறை படிப்பவருக்குத் தம் அறியாமை தெரியும். நான்காம் முறை படிப்பவருக்கோ அது தெரிவதில்லை. பத்துக் கற்கும் முறைகளை ஆராய்ந்து டன்லாஸ்கி முதலிய அறிஞர்கள் 2013இல் வெளியிட்ட மதிப்புரையில், திரும்ப வாசித்தலும் அடிக்கோடிடுதலும் பயன் குறைந்தவற்றுள் வைக்கப்பட்டன. தன்னைத்தானே சோதித்தலும், இடைவெளிவிட்டுப் பயிலுதலும் பயன் மிக்கவை எனக் கொள்ளப்பட்டன.

இச்சோதனைகள் கணக்காளர் பரீட்சைக்கெனச் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் ஆசிரியர் மாணாக்கருக்குச் சொல்லவேண்டும். எனினும் அவை பல பாடங்களிலும் வயதுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. கணக்கியல் மட்டும் இதற்கு விலக்கு எனக் கருத இடமில்லை.

கலந்து பயிலுதல்

தவறான விதியைத் தேர்ந்து மதிப்பெண் இழப்பதற்கு மற்றொரு காரணம் உண்டு. பாடநூலில் கணக்குகள் அத்தியாயவாரியாக அமைந்துள்ளன. குத்தகை பற்றிய அத்தியாயத்தின் இறுதியில் உள்ள கணக்கு குத்தகைக் கணக்கே என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பரீட்சைத் தாளிலோ தலைப்பு இராது. ஓர் ஆலை மூன்றாண்டுகளுக்கு ஒரு லாரியை ஓட்டுநரோடு அமர்த்திக்கொள்கிறது. இது குத்தகையா, சேவை ஒப்பந்தமா? இந்தியக் கணக்கியல் நியமம் 116இன்படி, குறிப்பிட்ட லாரி ஒன்று அடையாளம் காணப்பட்டுள்ளதா, உடையவர் தம் விருப்பப்படி அதனை மாற்றி வேறொன்றை அனுப்பிப் பயன் பெறும் உண்மையான உரிமை கொண்டவரா, அதனை எங்கு, எதற்குப் பயன்படுத்துவது என்பதை ஆலையே தீர்மானிக்கிறதா என்பன போன்ற வினாக்களுக்கு முதலில் விடை காணவேண்டும். கணக்கீடு அதன் பின்னரே. அத்தியாயவாரியாகப் பயின்றவர் கணக்கீட்டில் வல்லவராகவும், இம்முதல் வினாவில் பயிற்சியே அற்றவராகவும் இருப்பார்.

ரோரர், டெய்லர் என்போர் 2007இல் வெளியிட்ட கணிதச் சோதனை இதனைக் காட்டுகிறது. நால்வகைத் திண்மங்களின் கன அளவு காணும் கணக்குகளை வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது நூற்றுக்கு 89 பங்கு சரியாகச் செய்தனர். கலந்து பயின்றவர்கள் 60 பங்கே செய்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. ஆகவே, தவறியவர் அத்தியாயத்தை மூடிவிட்டு, முந்திய பருவங்களின் வினாத்தாள்களிலிருந்து தலைப்பின்றிக் கலந்தெடுத்த கணக்குகளையே நாள்தோறும் செய்தல் வேண்டும்.

நடைமுறை

அலுவலகத்தில் பணிபுரிபவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தால் அரிது. அதில் காலையில் ஒரு மணி, நூலைத் திறவாமல் கலந்தெடுத்த கணக்குகளைக் கையால் எழுதுவதற்கு. மாலையில் அவற்றை வெளியிடப்பட்ட விடைகளோடு சரிபார்த்து, பிழைகளைத் தனியேடு ஒன்றில் பதிய வேண்டும். இதனைப் பிழைப் பேரேடு எனலாம். ஒவ்வொரு பிழைக்கும் தேதி, தாள், காரணம் குறிக்கப்படும். மூன்று நாள் கழித்தும், பின்னர்ப் பத்து நாள் கழித்தும், உதவியின்றிச் சரியாகச் செய்தாலன்றி அப்பதிவை முடிக்கலாகாது. கணக்குத் தொழிலில் பழகியவர்களுக்கு நிலுவைப் பதிவு கண்ணை உறுத்துமாதலால் இம்முறை அவர்களுக்கு எளிதில் கைவரும்.

நேரக் கணக்கு சுருக்கமானது. மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1 நிமிடம் 48 விநாடி. பத்து மதிப்பெண் வினாவுக்கு 18 நிமிடம். பதினெட்டாம் நிமிடம் முடிந்ததும் ஐந்தொகை பொருந்தாவிடினும் அடுத்த வினாவுக்குச் செல்லவேண்டும். ஐந்தொகையின் இரு பக்கமும் ஒத்துவராதபோது விட்டு நகர்வது கணக்காளருக்குப் பெருந்துன்பமே! பல தாள்கள் அவ்விடத்தில்தான் முறிகின்றன.

வரித் தாள்களில் தனியொரு எச்சரிக்கை வேண்டும். தவறியவரின் பழைய குறிப்பேடே அவருக்குப் பகையாகலாம். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பழைய மறைமுக வரிக் குறிப்புகள் பெரும்பாலும் பயனற்றுப்போயின. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திற்கு மாற்றாக 2025இல் இயற்றப்பட்ட சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென வகுக்கப்பட்டது. இதனால் பிரிவு எண்களும் மாறின. எப்பருவத்திற்கு எச்சட்டம் பொருந்தும் என்பதைக் கழகத்தின் அறிவிப்பில் பார்த்தறிந்த பின்னரே குறிப்பேட்டைத் திறக்கவேண்டும்.

கணக்கியல் அறியாத பள்ளி ஆசிரியரும், களப்பணியாளரும் இதில் செய்யக்கூடிய உதவி சிறிதன்று. ஞாயிறுதோறும் பள்ளி அறையொன்றைத் திறந்துகொடுத்து, கடிகாரத்தை முன்வைத்து, பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் எழுதச் செய்து, மணி அடித்ததும் தாளை வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் தனியே எழுதுபவர் இதனை வாரந்தோறும் ஒத்திப்போடுவது இயல்பு. இம்முறையைத் தொடங்கியவருக்கு முதல் மூன்று நான்கு வாரங்களில் மதிப்பெண் முன்னிலும் குறைவாகத் தோன்றும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். மேற்கண்ட இரு சோதனைகளிலும் பின்னர் மேம்பட்டவர்களே தொடக்கத்தில் பின்தங்கியிருந்தனர். இதனை அறியாதவர் மூன்றாம் ஞாயிறோடு பழைய பாடநூலுக்கும், அடிக்கோடிட்ட வரிகளுக்கும் திரும்பிவிடுகிறார்.