பெல்ட்டை நம்பாதே, எழுந்து நட

அன்புள்ள கதிருக்கு,

கழுத்துவலிக்காக முதுகை நிமிர்த்தும் பெல்ட் ஒன்று வாங்கியிருக்கிறாயாம், உன் அம்மா போனில் சொன்னாள். பணம் போனது போகட்டும். இத்தனை காலம் பிசியோதெரபி பார்த்தவள் என்பதால் நாலு வார்த்தை சொல்கிறேன்.

செல்போனில் சுற்றும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பயந்திருப்பாய்: நிமிர்ந்த தலை 5 கிலோ, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கு அது. தலையின் எடை கூடுவதில்லை. தலை முன்னால் சாயச் சாய, அதைப் பிடித்து நிறுத்தப் பின்கழுத்துத் தசை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் கணினி மாதிரியில் போட்டது. கழுத்துவலிக்காரர் எவரையும் வைத்துச் சோதித்ததல்ல.

சோதித்தவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். 17 வயதுப் பிள்ளைகள் 1,108 பேரை உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் படமெடுத்து, கழுத்து இருக்கும் விதத்தை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்த கூட்டத்துக்கும் கூனி உட்கார்ந்த கூட்டத்துக்கும் கழுத்துவலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2016இல் வெளிவந்த ஆய்வு இது. பெல்ட் விற்பவர்கள் இதை எங்கே சொல்லப்போகிறார்கள்!

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அசையாமல் இருப்பதிலிருந்து. ஒரே பிடியில் இறுகிக் கிடக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. முதுகெலும்பின் ஜவ்வுகளுக்குப் பெரியவர்களிடம் ரத்தக் குழாயே கிடையாது என்று சொல்லலாம். சுற்றிலும் இருந்து கசிந்து வருவதே அவற்றுக்கு உணவு. பகலெல்லாம் பாரம் தாங்கி நீரை இழந்து, இரவில் படுத்தபின் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. காலையில் இருப்பதைவிட மாலையில் எல்லோரும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குள்ளமாவது இதனால்தான்.

உட்காருவதை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் துணிக்கடைப் பெண்களைப் பார்த்திருப்பாய். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நேராகத்தான் நிற்கிறார்கள். இடுப்பும் குதிகாலும் விட்டுப்போகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். நின்றுகொண்டே இருந்தால் அது கீழேயே தேங்கி, காலில் நரம்பு சுருட்டிக்கொள்ள வழியாகிறது. கடை ஊழியர்கள் உட்காரும் உரிமைக்காகக் கோழிக்கோட்டு விஜி போன்றவர்கள் போராடியதில் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் செய்தது. நீ உட்கார்ந்து வாங்கிக்கொண்ட வலியும் அவர்கள் நின்று வாங்கிக்கொண்ட வலியும் ஒரே வகைதான்.

ஆகவே அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நட. தண்ணீரை மேசையில் வைக்காமல் தூரத்தில் வை. போன் வந்தால் நடந்தபடி பேசு. லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி, கீபோர்டைத் தனியாக வைத்துக்கொள். நடுவில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தால் குற்றமில்லை. அதிலேயே மதியம் முழுக்கக் கிடக்காதே. வாரத்தில் சில நாளாவது தோளுக்கும் முதுகுக்கும் எடை தூக்கிப் பயிற்சி செய்.

ஒன்று மட்டும் கவனம். கை கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ, விழுந்து அடிபட்டபின் வலி தொடங்கினாலோ, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடு.

அன்புடன்,
அத்தை