முரண்டு பிடிக்கும் தொகையீடுகளா? சில கைக்குறிப்புகள்

1. விதியைத் தேடும் முன் சார்பைக் குத்துமதிப்பாக வரைந்து பாருங்கள். எங்கே எகிறுகிறது, எங்கே மடிகிறது என்பது கண்ணில் பட்டுவிடும்.

2. 1/√x-ஐ 0 முதல் 1 வரை தொகையிட வேண்டுமா? விடை 2. சரிவக விதி முதல் புள்ளியிலேயே பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லி மாட்டிக்கொள்ளும். துண்டுகளின் நடுப்புள்ளியை எடுத்தால் 100 துண்டுக்கு 1.94, 10,000 துண்டுக்கு 1.994. நூறு மடங்கு உழைப்புக்கு ஓர் இலக்கம்தான் கூலி! (மாணவப் பருவத்தில் இப்படித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன்.) x = t² என்று பிரதியிடுங்கள். dx = 2t dt; கீழேயுள்ள t அடிபட்டு வெறும் 2 மிஞ்சும்.

3. |x − 0.3| மாதிரி மடிப்பு இருந்தால் 0.3-இல் வெட்டி, இரு பக்கத்தையும் தனித்தனியே போட்டுக் கூட்டுங்கள்.

4. சரிவக விதியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். e^(−x²)-க்கு −3, −2 என்று 3 வரை ஏழே புள்ளிகள் எடுத்தால் 1.77251 வரும். முடிவிலி வரையான உண்மை விடை √π, அதாவது 1.77245. இடைவெளியை 0.5 ஆக்கி −6 முதல் 6 வரை போனால் 15 இலக்கம் சரியாக இருக்கும். சார்பு இரு முனையிலும் தானாக அடங்கிப்போவதுதான் ரகசியம். முனையில் எகிறும் சார்புகளையும் பிரதியிட்டு இந்த வடிவத்துக்குக் கொண்டுவரும் வழியை ஜப்பானின் டகாஹாசியும் மோரியும் 1974-இல் தந்தார்கள்.

5. பத்து மாறிகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி என்றால் ஆயிரம் கோடி கணக்கு. புள்ளிகளைத் தற்செயலாகப் பொறுக்கும் மான்டி கார்லோ முறைக்குப் போய்விடுங்கள். அங்கும் இன்னோர் இலக்கம் வேண்டுமென்றால் 100 மடங்கு புள்ளிகள் தேவை.

6. தயார் நிரலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் தொகையிடும் குவாட் (quad) நிரலிடம் அதே e^(−x²)-ஐ −10000 முதல் 10000 வரை கொடுத்தால் விடை ஏறக்குறைய 0, பிழையும் 0 என்று சத்தியம் செய்யும். அது 21 புள்ளிகளில் தொட்டுப் பார்க்கும். முதலில் நடுப்புள்ளி 0-இல் மேடு தட்டுப்படும். உடனே அங்கேயே இரண்டாகப் பிளக்கும். மேடு தையலில் விழுந்துவிடும். பிறகு 0-க்கு மிக அருகில் தொடும் புள்ளியே சுமார் 22 தள்ளி இருக்கும். அங்கே மேட்டின் சுவடே கிடையாது. எல்லையை −10, 10 என்று சுருக்கிக் கொடுங்கள், 1.77245 வந்துவிடும்.