சிலிர்க்கும் முடிக்கு வீட்டு வைத்தியம்

வறண்ட முடி காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். அதனால்தான் ஈப்போ வெக்கையிலும் தைப்பிங் மழையிலும் தலை பரட்டையாகிறது. அதிகச் செலவில்லாமல் அடக்கலாம்:

• தலை குளிக்க ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெயை நுனிவரை தடவுங்கள். அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும்.

• தோட்டத்து வீடுகளின் வேலிச்செடி செம்பருத்தி. ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் கசக்கி, வழவழப்பை வடிகட்டி, ஷாம்பு போட்டபின் பூசி, ஐந்து நிமிடத்தில் அலசுங்கள். சாலையோரச் செடியில் பூச்சிமருந்து இருக்கலாம். வீட்டுச் செடியில் பறியுங்கள்.

• துண்டால் தேய்க்காமல், பழைய பருத்தி டி-சட்டையால் ஒற்றியெடுங்கள்.

• அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

• காய்ந்ததும் இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மேலாக நீவுங்கள்.