புதிய வேலை வந்தால் பழைய நிரலை உடைப்பதா?

கேள்வி: தேயிலை இலைப் படத்தில் கொப்புள நோய் பிடித்த பரப்பை அளக்கப் பைத்தனில் நிரல் எழுதினேன். இப்போது இலையின் நீளம், நிறம் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். ஒன்றைச் சேர்த்தால் மற்றது கெடுகிறது. என்ன செய்யலாம்?
– பல்கலைக்கழக மாணவி, பதுளை

பதில்: நிரலைப் பெரிதாக்காதீர்கள், பிரியுங்கள். படத்தைத் திறப்பது, அளவுகோலைப் பொருத்துவது, முடிவைச் சேமிப்பது மட்டும் மையத்தில் இருக்கட்டும். நோய்ப் பரப்பு, நீளம், நிறம் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே விதி: படமும் அளவுகோலும் உள்ளே போகும், பெயர், எண், அலகு வெளியே வரும். குறித்த கோப்புறையில் இருப்பதையெல்லாம் மையம் ஓட்டினால் போதும். நாளை யாராவது புது அளவு கேட்டால் ஒரு கோப்புத்தான் கூடும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பாண்ட் 1997இல் தொடங்கிய இமேஜ்ஜே என்ற படப் பகுப்பாய்வு மென்பொருள் இப்படித்தான் வளர்ந்தது. பிளக்-இன் கோப்பைக் கோப்புறையில் போட்டு மறுபடி திறந்தால் மெனுவில் வந்துவிடும். 2004 சுனாமியையடுத்து நம் இலங்கையில் உருவான சஹானா மென்பொருளும் காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு என்று தனித்தனிக் கூறுகளாகவே கட்டப்பட்டது. அதனால் மறு வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் கைகொடுத்தது.

நிறம் பிரிப்பதை நீங்களே எழுதி மெனக்கெடாதீர்கள். பைத்தனின் சைகிட்-இமேஜ் நூலகத்தில் தயாராக உண்டு. கொப்புளத்தையும் வெயில் தழும்பையும் பிரித்தறிவதுதான் உங்கள் ஆராய்ச்சி.

கையால் அளந்த சில இலைப் படங்களைத் தனியே வையுங்கள். ஊவாவின் ஜூலை–செப்டெம்பர் உலர்காற்றுக் காலத்து இலையும் மழைக்கால இலையும் அவற்றில் இருக்கட்டும். புதுக் கோப்பு வரும்போதெல்லாம் நிரலை இந்தப் படங்களில் ஓட்டிப் பாருங்கள். பழைய எண் மாறினால் சேர்க்காதீர்கள், பேராசிரியரே அவசரப்படுத்தினாலும்!